தானே பெருகும் சரக்கு

எங்கள் பாத்திரக் கடை முன்றலில் மகள் பூச்சாடிகள் வைத்து விற்கத் தொடங்கி இரண்டு வருடங்களாகின்றன. பாத்திரக் கடையில் பூக்கன்றா என்று சிரித்தவன் நான். மாதக் கணக்கைப் பார்த்த பின்னர் வாயை மூடிக்கொண்டேன்.

அவற்றுள் ஒரு சாடி மிக வேகமாக விலைபோனது. சதைப்பற்றான நீண்ட இலை. அதன் ஓரம் முழுவதும் வரிசையாகக் குட்டிக் கன்றுகள். தண்ணீர் ஊற்ற மறந்தாலும் சாகாது. ஒரேயொரு தாய்க் கன்றுதான் கொள்முதல். அதன் பிறகு சாடிக்கும் மண்ணுக்கும் மட்டுமே செலவு. வியாபாரிக்கு வேறென்ன வேண்டும்?

ஒருநாள் பக்கத்துத் தெருப் பெண்மணி ஒருவர் வந்தார். "நானா, நீங்க தந்த கன்று என்ட ரோசாச் சாடி எல்லாத்திலயும் முளைச்சிருக்கு. கூரைப் பீலியிலயும் நிக்குது. பிடுங்கப் பிடுங்க வருது" என்றார். அன்றுதான் நான் விற்கும் பொருளின் பெயரையே விசாரித்தேன்.

இதன் சொந்த ஊர் மடகஸ்கார். கலஞ்சோ இனத்தைச் சேர்ந்தது. இதையும் இதன் உறவுச் செடிகளையும் ஆங்கிலத்தில் 'மதர் ஒஃப் தவுசண்ட்ஸ்', 'மதர் ஒஃப் மில்லியன்ஸ்' என்கிறார்கள். ஆயிரங்களின் தாய், இலட்சங்களின் தாய்! உதிரும் குட்டி ஒவ்வொன்றும் தனிச் செடியாகிறது. விதையாலும் பெருகுகிறது.

அவுஸ்திரேலியாவுக்கும் இது அலங்காரச் செடியாகத்தான் போனது. தோட்டக் குப்பையோடு வெளியே வீசப்பட்டது. வெள்ளம் அதை ஆற்றோரங்களுக்கும் மேய்ச்சல் நிலங்களுக்கும் கொண்டுசென்றது. இதன் நஞ்சு கால்நடைகளின் இதயத்தைத் தாக்கும். பூக்களில் அது அதிகம். 1997 இல் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் மோரி நகருக்கு அருகில் இதைத் தின்ற 125 மாடுகள் இறந்தன. இன்று குயின்ஸ்லாந்து மாநிலத்தில் இதை விற்பது மட்டுமல்ல, இனாமாகக் கொடுப்பதும் சட்டப்படி குற்றம்.

வியாபார நண்பர்களே, கணக்கைக் கவனியுங்கள். சாடியை விற்றவனுக்கு இலாபம், வாங்கியவனுக்கு அழகு. மாட்டை இழந்தவனோ விற்கவுமில்லை, வாங்கவுமில்லை. நட்டம் முழுவதும் அவன் தலையில்!

எமது நாட்டுக்கும் இது புதிய பாடமல்ல. பூவின் அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட ஆகாயத் தாமரை குளங்களை மூடியதால், 1909 இலேயே அதற்கெனத் தனிச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. புந்தல தேசிய பூங்காவில் நாகதாளிக் கள்ளி பரவிக் கிடக்கிறது.

இந்தச் செடியை இனி விற்பதில்லை என்றேன். "அடுத்த கடையில விற்கிறாங்கதானே, வாப்பா?" என்றாள் மகள். உண்மைதான். நான் விட்ட இலாபத்தை இன்னொருவர் எடுப்பார். ஆனால் பழுதான பாத்திரத்தைத் திருப்பி எடுத்து மாற்றிக் கொடுக்கலாம். பீலியில் முளைத்ததை எப்படித் திருப்பி எடுப்பது?

பூக்கன்று விற்போர் கொள்முதலுக்கு முன் மூன்று விடயங்களைக் கேட்டறியுங்கள்: அதன் சரியான பெயர் என்ன? எப்படிப் பெருகும்? ஆடு மாடு, பிள்ளைகள் வாயில் வைத்தால் என்னவாகும்? இந்தச் செடி ஏற்கனவே வீட்டிலிருந்தால், பிடுங்கியதை வெற்றுக் காணியிலோ கானிலோ வீசாதீர்கள். உதிர்ந்த குட்டிகளையும் பொறுக்கிச் சேர்த்து எரித்துவிடுங்கள்.

நாங்கள் விற்ற சாடிகளை வாங்கியவர்களில் தெரிந்தவர்களுக்கு மகள் இப்போது தொலைபேசியில் இதைச் சொல்லி வருகிறாள். தெரியாதவர்களுக்காகவே இந்த வாரம் இதை எழுதினேன்.