கமத்து நாய் கடிப்பதேன்?

வயலையும் தோட்டத்தையும் இரவிற் காக்கும் நாய், சிலவேளை வீட்டாரையே கடித்துவிடுவதுண்டு. நாய் காரணமின்றிக் கடிப்பது அரிது. அச்சம், நோவு, உணவையோ குட்டிகளையோ காக்கும் இயல்பு என்பனவே பெரும்பாலும் காரணங்களாகும். பகல் முழுவதும் கட்டி வைக்கப்படும் நாய் எளிதிற் சினங்கொள்ளும்.

கடிக்குமுன் நாய் உடலை விறைப்பாக்கும். காதுகளைப் பின்னே மடக்கும். பல்லைக் காட்டி உறுமும். உறுமும் நாயை அடித்தலாகாது. அடிபட்ட நாய் உறுமுவதை விடுத்து, முன்னறிகுறியின்றியே கடிக்கப் பழகும். விலகி நின்று, அச்சத்துக்குக் காரணமானதை அகற்றுதலே நன்று. உண்ணும் நாயையும் உறங்கும் நாயையும் சிறுவர் தீண்டாதவாறு பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

சாதுவான நாய் திடீரெனக் குணம் மாறிக் கடிப்பின், விசர்நோய் என ஐயுறல் வேண்டும். விசர்நாய் கடித்த மாட்டுக்கும் இந்நோய் உண்டாகும். தீன் தின்னாது வாயிலிருந்து உமிழ்நீர் வடிக்கும் மாட்டின் தொண்டையில் ஏதோ சிக்கியதென்றெண்ணிக் கையை விடுதல் ஆபத்தானது.

கடிபட்டவர் கவனிக்க வேண்டியவை:

1. காயத்தை உடனே சவர்க்காரமிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடங்கள் கழுவுக.

2. சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் முதலியவற்றைப் பூசற்க.

3. காயம் சிறிதாயினும் அன்றே அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்க. நோய்க்குறி தோன்றியபின் உயிர் பிழைத்தல் மிக அரிது.

4. நாயைக் கொல்லாது, பாதுகாப்பாக அடைத்து 14 நாட்கள் கவனிக்க. அது நோயுற்றாலோ இறந்தாலோ வைத்தியசாலைக்கும் மிருக வைத்தியருக்கும் உடனே அறிவிக்க.

ஆண்டுதோறும் நாய்க்குத் தடுப்பூசி ஏற்றுவிக்கும் கமக்காரர், தம் குடும்பத்தையும் பட்டியையும் அயலாரையும் ஒருங்கே காப்பவராவர்.