வீடிழந்த எட்டுக்கால் விருந்தாளி

சிலந்தி என்றவுடன் துடைப்பத்தைத் தேடுவது நம் வழக்கம். திரும்பத் திரும்ப முயன்று புரூஸ் மன்னனுக்கு விடாமுயற்சியைக் கற்பித்த சிலந்தியைக் கதையில் பாராட்டுகிறோம். வீட்டு மூலையில் கண்டால் அடித்து விடுகிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் கொண்டுவந்த மழையை நம் ஊரார் மறக்க மாட்டார்கள். அண்ணாமலையில் மண் சரிந்து ஏழு உயிர்கள் பறிபோயின. அந்த மழையில் ரமணாசிரமத்துக்கு அருகே எங்கள் தெருவில் பட்டுப்போன வேப்பமரம் ஒன்று சாய்ந்தது. மறுநாள் காலை எங்கள் திண்ணையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிலந்தி! சாம்பல் நிற உடலில் கோலம் போட்டாற்போல் கோடுகள். முன்கால்களின் அடியில் மஞ்சள் நிறம். பாட்டி அலறினார்கள். அப்பா துடைப்பத்தை ஓங்கினார். “அடிக்காதீங்கப்பா, பாவம், அதுக்கும் வீடு போயிடுச்சு” என்று நான் தடுத்தேன். அப்பா சற்று யோசித்து, பிளாஸ்டிக் டப்பா ஒன்றை அதன்மேல் கவிழ்த்து, அடியில் அட்டையைச் செருகி மூடினார்.

எங்கள் அறிவியல் ஆசிரியையான அருட்சகோதரி அதைப் பார்த்ததும், “இது மரப்பொந்தில் வாழும் டரான்டுலா வகை” என்றார்கள். டரான்டுலா என்ற பெயர் இத்தாலியின் டரான்டோ நகரிலிருந்து வந்தது. இலங்கைத் தமிழர் இதைப் புலிமுகச் சிலந்தி என்பர். நம் மரச்சிலந்திகளின் பேரினப் பெயர் பொசிலோதீரியா. இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே இவை இயற்கையாக வாழ்கின்றன. இவற்றுள் ரெகாலிஸ் என்னும் இனத்தை 1899-ல் போகாக் என்ற ஆங்கில விலங்கியலார் உலகுக்கு அறிவித்தார். அது கிடைத்த இடம் நமக்கு அருகிலுள்ள அரக்கோணம்!

“இதை நானே வளர்க்கிறேன், சிஸ்டர்” என்றேன். “முதலில் அதற்கு எப்படிப்பட்ட வீடு வேண்டும் என்று எழுதிக்கொண்டு வா” என்றார்கள். நான் படித்து எழுதியது இதுதான்:

மரமேறும் சிலந்திக்கு அகலமான பெட்டியைவிட உயரமான பெட்டியே ஏற்றது. உள்ளே மரப்பட்டை ஒன்றைச் சாய்த்து நிறுத்த வேண்டும். அதன் பின்னால்தான் அது பட்டிழை நூற்றுக் குடியேறும். அடியில் மருந்து கலவாத தேங்காய் நார்த்தூளைப் பரப்பி, ஒரு பக்கம் மட்டும் லேசாக நனைக்க வேண்டும். காற்றோட்டம் இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே பக்கங்களில் சிறு துளைகள் அவசியம். சிலந்தி மின்னலென ஓடும். மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். சிறு கிண்ணத்தில் தண்ணீர் போதும். நேர் வெயில் படக்கூடாது.

புதிய வீட்டில் விட்டதும் உணவைத் திணிக்கக் கூடாது. சில நாட்கள் இருட்டிலும் அமைதியிலும் விட்டு, பிறகு அதன் வயிற்றைவிடச் சிறிய பூச்சி ஒன்றைத் தரலாம். தின்னாவிட்டால் மறுநாள் எடுத்துவிட வேண்டும். ஏனெனில் சிலந்தி தோலுரிக்கும்போது மல்லாந்து கிடக்கும். உடல் மென்மையாக இருக்கும் அவ்வேளையில் ஒரு சில்வண்டுகூட அதைக் கடித்துக் கொன்றுவிடும். மல்லாந்ததும் செத்துவிட்டது என்று எறிந்துவிடவும் கூடாது. கையில் எடுக்கவே கூடாது: கடித்தால் கடும் வலியும் தசைப்பிடிப்பும் உண்டாகும், நம் கையிலிருந்து விழுந்தால் அதன் வயிறு வெடித்துவிடும்.

படித்துப் பார்த்த அருட்சகோதரி, “உயரம், பட்டை, இருட்டு, காற்று, ஈரம்... இவை எல்லாம் சேர்ந்தால் என்ன?” என்று கேட்டார்கள். “மரம், சிஸ்டர்” என்றேன். சொல்லும்போதே எனக்கு விடை புரிந்துவிட்டது.

மரங்கள் குறைவதாலும், பிடித்து விற்பதாலும் இச்சிலந்திகள் அருகி வருகின்றன. 2019-ல் ஜெனிவாவில் கூடிய சைட்டிஸ் மாநாடு இப்பேரினம் முழுவதையும் வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. காட்டுச் சிலந்தியைப் பிடித்து வளர்ப்பது முறையன்று. எனவே வனத்துறைக்குத் தெரிவித்தோம். மழை ஓயும்வரை, இரண்டு இரவுகள் மட்டும், நான் எழுதியபடி அமைத்த பெட்டியில் அது விருந்தாளியாக இருந்தது. மூன்றாம் நாள் மாலை வனக்காவலர் முன்னிலையில், கிரிவலப் பாதையோரப் புளியமரப் பொந்தருகே பெட்டியைத் திறந்தோம். சிறிது நேரம் அசையாமல் நின்றது. பிறகு மெல்ல ஏறிப் பொந்துக்குள் மறைந்தது. எனக்கு அழுகை வந்தது. அது துயர அழுகை அல்ல.

பாம்பும் தேளும் வாழும் இடத்துக்கு நாம்தான் வந்திருக்கிறோம், அவற்றைத் துன்புறுத்தலாகாது என்று இம்மலையில் வாழ்ந்த ரமண மகரிஷி கூறி வந்ததாகப் பெரியவர்கள் சொல்வார்கள். படைப்புகள் அனைத்தையும் சகோதர சகோதரிகளாகக் கொண்டாடிய அசிசி நகர் புனித பிரான்சிஸை, 1979-ல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் சூழலியலாளரின் பாதுகாவலராக அறிவித்தார். இருவரும் காட்டிய வழி ஒன்றுதான்.

தோழியரே, பொந்து விழுந்த பழைய மரத்தைப் பயனற்றது என்று எண்ணாதீர்கள். அது ஒரு குடும்பத்தின் வீடாக இருக்கலாம். அடுத்த முறை திண்ணையில் ஒரு சிலந்தி வந்து நின்றால், துடைப்பத்தைத் தேடுமுன் ஒரு டப்பாவைத் தேடுங்கள்!