நான்கு மணி நேரத்துக்கு ஒரு மாத்திரை

1985-இல் இந்தியா மருத்துவத்துக்குச் செலவிட்ட மார்பின் என்ற வலி மருந்து ஏறக்குறைய 573 கிலோ. 1997-இல் 18 கிலோ. இந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் நாட்டில் புற்றுநோயும் குறையவில்லை, அதன் வலியும் குறையவில்லை.

1985-இல்தான் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. குறிவைத்தது கடத்தல்காரர்களை; அகப்பட்டுக்கொண்டது மருத்துவமனை. மார்பினைக் கையிருப்பில் வைக்க ஓர் உரிமம், வெளிமாநிலத்திலிருந்து வரவழைக்க ஒன்று, எடுத்துவர இன்னொன்று. எல்லாம் ஒரே நேரத்தில் செல்லுபடியாக வேண்டும். கடைசித் தாள் கைக்கு வருவதற்குள் முதல் தாள் காலாவதியாகிவிடும். ஏதாவது பிசகினால் சிறை என்ற பயம் வேறு. இந்த வம்பே வேண்டாம் என்று பல மருத்துவமனைகள் மார்பின் வாங்குவதையே நிறுத்திவிட்டன. இத்தனைக்கும் மார்பினுக்கு மூலப்பொருளான அபினைச் சட்டப்படி விளைவித்து ஏற்றுமதி செய்கிற நாடு இது. மத்தியப் பிரதேசத்தின் நீமச், மந்த்சௌர் வயல்களில் கசகசாக் காயைக் கீறி வழித்தெடுத்த பால், உள்ளூர் நோயாளியைத் தாண்டிக் கப்பலேறியது.

விதிவிலக்குகளும் இருந்தன. 1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் நண்பர்களும் வலி நிவாரண மையம் தொடங்கினார்கள். சட்டத்தை மாற்றச் சொல்லி ஆண்டுக்கணக்கில் அலைந்தவர்களிலும் அவர் முன்வரிசை.

2014-இல் சட்டம் திருத்தப்பட்டது. மார்பின் உள்ளிட்ட ஆறு மருந்துகள் அத்தியாவசியப் பட்டியலில் சேர்ந்தன. பல உரிமங்களுக்குப் பதில், மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி தரும் ஒரே அங்கீகாரம் போதும் என்றானது.

கொடுக்கும் முறையும் மாறியிருக்கிறது. அன்று நோயாளி தாங்க முடியாமல் கதறிய பிறகு ஓர் ஊசி. அதன் வீரியம் அடங்கினால் மறுபடி கதறல். இன்று கடிகாரம் பார்த்து நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை வாய்வழி மாத்திரை. வலி வரட்டும் என்று காத்திருப்பதில்லை. நடுராத்திரி எழுப்ப வேண்டாம் என்று படுக்கப் போகும்போது இரண்டு மடங்கு கொடுப்பதும் உண்டு. மலச்சிக்கல் வரும் என்பதால் முதல் நாளே அதற்கும் மருந்து. அளவைச் சிறிதாகத் தொடங்கி, வலியைக் கேட்டுக் கேட்டு ஏற்றுகிறார்கள். நோயாளி உட்கார்ந்து சாப்பிடுகிறார், பேரப்பிள்ளையோடு பேசுகிறார்.

தாள் வேலை குறைந்துவிட்டது. எழுதித் தரும் மருத்துவரின் பயமும் கை நடுக்கமும் இன்னும் போகவில்லை. மார்பின் அரிதாக இருந்த ஆண்டுகளில் படித்தவர்களில் பலர் மார்பின் எழுதிக் கொடுப்பதைக் கண்ணால்கூடப் பார்க்காமல் மருத்துவரானவர்கள். இன்றைய மாணவர்களுக்கு அவர்களே பேராசிரியர்கள். அமெரிக்காவில் ஓபியாய்டு எனப்படும் மார்பின் வகை மாத்திரைகளை வாரி இறைத்து விளைந்த நாசம் அந்தப் பயத்துக்கு நியாயமும் தருகிறது. ஆனால் அங்கே சிக்கல் மிகுதியால் வந்தது; இங்கே மருந்து கிடைக்காததுதான் சிக்கல்.

தமிழ்நாட்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கும் நோய் ஆதரவு சிகிச்சையும் அடக்கம். வீட்டில் யாராவது புற்றுநோய் வலியில் துடித்தால், “மார்பின் கொடுக்கலாமா?” என்று மருத்துவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.