பெரிய டயரும் சிறிய பினியனும்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ராக்கி மலைத்தொடரைக் குடைந்து செல்கிறது ஐசனோவர் சுரங்கப் பாதை. 1973ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட இப்பாதை, கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் உள்ளது. அதை நோக்கி ஏறும் நெடுஞ்சாலையின் சரிவு சில இடங்களில் 7 சதவீதம். அதாவது 100 மீட்டர் முன்னேறினால் 7 மீட்டர் மேலே ஏறியாக வேண்டும். விடுமுறை நாட்களில் படகையோ, சக்கரங்களின் மேல் அமைந்த வீட்டையோ பின்னால் பூட்டிக்கொண்டு பிக்கப் லாரிகள் இவ்வழியே ஏறுகின்றன.

அத்தகைய லாரி ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வாங்கியபோது அதன் டயர் 31 அங்குல விட்டமுடையது. காட்டுப் பாதையில் அடிப்பாகம் பாறையில் இடிக்காமலிருக்க, சொந்தக்காரர் 35 அங்குல டயர்களை மாட்டிவிட்டார். நான்கு அங்குலம்தானே என்று தோன்றும். ஆனால் இனி அந்த லாரி, சுமையுடன் மலையேறும்போது திணறும். ஏன்?

நெம்புகோலைப் பற்றிப் படித்திருக்கிறீர்கள் அல்லவா? சக்கரமும் ஒரு நெம்புகோல்தான். அச்சு அதைச் சுழற்றுகிறது. டயர் தரையைப் பின்னுக்குத் தள்ளுகிறது. முறுக்குவிசை என்பது விசையை ஆரத்தால் பெருக்கி வருவது. முறுக்குவிசை மாறாதிருக்க, ஆரம் 15.5 அங்குலத்திலிருந்து 17.5 ஆனால், தரையைத் தள்ளும் விசை குறைந்தே தீரும். 15.5ஐ 17.5ஆல் வகுத்துப் பாருங்கள்: 0.886. நூற்றுக்குப் பதினொரு பங்குக்கு மேல் இழுவிசை போய்விட்டது!

சமவெளியில் இது பெரிதாகத் தெரியாது. லாரியும் அதன் பின்வண்டியும் சேர்ந்து 5,000 கிலோகிராம் என்றால், 7 சதவீதச் சரிவில் புவியீர்ப்பை எதிர்க்க மட்டும் ஏறத்தாழ 3,400 நியூட்டன் விசை வேண்டும். அவ்வளவு உயரத்தில் காற்றின் அடர்த்தியும் கடல் மட்டத்தில் உள்ளதைப்போல் 70 சதவீதம்தான். டர்போ இல்லாத எஞ்சினின் திறன் அதற்கேற்பக் குறைகிறது. பதினொரு பங்கு எங்கே போயிற்று என்று டிரைவர் தேடுவது இங்கேதான்.

'கீழ் கியருக்கு மாறினால் போதாதா?' என்று நீங்கள் கேட்கலாம். மாறலாம். ஆனால் கியர்களுக்கு இடையே உள்ள படிகள் பெரியவை. ஒன்றில் எஞ்சின் திணறும், அடுத்ததில் அலறும். தானியங்கிக் கியர்பெட்டியோ இரண்டுக்கும் இடையே மாறி மாறித் தாவும். அதன் எண்ணெய் சூடேறிக் கெடும். சரிவில் நின்றுவிட்ட வண்டியை மீண்டும் கிளப்பும்போது முதல் கியருக்குக் கீழே மாற்ற வேறு கியர் ஏது?

பரிகாரம் பின் ஆக்ஸிலுக்குள் இருக்கிறது. அங்கே பினியன் என்னும் சிறு பற்சக்கரம், கிரவுன் என்னும் பெரிய பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது. நம் லாரியில் பினியனுக்கு 11 பற்கள், கிரவுனுக்கு 41. பினியன் 3.73 சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும். முறுக்குவிசையும் அத்தனை மடங்காகும். (41 ஒரு பகா எண் என்பதைக் கவனித்தீர்களா? இதனால் பினியனின் ஒவ்வொரு பல்லும் கிரவுனின் எல்லாப் பற்களையும் முறைவைத்துச் சந்திக்கிறது. தேய்மானம் சமமாகப் பரவுகிறது. 40க்கு 10 என்று வைத்தால் அதே பற்களே திரும்பத் திரும்ப உரசிக்கொண்டிருக்கும்.)

டயர் பெருத்த அளவுக்கு விகிதமும் பெருக வேண்டும். 3.73ஐ 35ஆல் பெருக்கி 31ஆல் வகுத்தால் 4.21. அப்படி ஒரு விகிதம் கடையில் கிடைக்காது. பத்துப் பல் பினியன் போட்டால் 4.10, ஒன்பது பல் என்றால் 4.56. எதை எடுப்பது? நேர் கியரில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் பழைய டயருடன் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 2,510 சுற்றுகள் சுழன்றது. பெரிய டயரில் அது 2,230 ஆயிற்று. 4.10 வைத்தால் 2,450, 4.56 வைத்தால் 2,720. வெறும் வண்டியாக ஓட்டுபவருக்கு 4.10 போதும், எரிபொருளும் மிச்சம். அடிக்கடி பாரம் இழுப்பவருக்கு 4.56தான் சரி என்பேன். பெரிய டயர் எடையிலும் கூடியது என்பதை மறக்கலாகாது. ஆனால் பினியன் சிறுக்கச் சிறுக்க அதன் வலிமையும் குறைகிறது. ஆகவே இதை வரம்பின்றித் தொடர முடியாது.

நான்கு சக்கரங்களும் இழுக்கும் லாரியானால் முன் ஆக்ஸிலிலும் அதே விகிதம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முன்சக்கரங்கள் ஒரு வேகத்தில் சுழலப் பார்க்கும், பின்சக்கரங்கள் வேறு வேகத்தில். இடையிலுள்ள உறுப்புகள் முறிந்துபோகும். வேகமானியையும் சரிபார்க்க வேண்டும். டயரை மட்டும் மாற்றி, இதை அப்படியே விட்டால், முள் 100 காட்டும்போது லாரி உண்மையில் 113இல் ஓடிக்கொண்டிருக்கும்!

பினியனை மாற்றினாலும் தீராத குறை ஒன்று உண்டு. பிரேக் பிடிப்பது சக்கரத்தின் அருகில், பினியனுக்கும் கிரவுனுக்கும் அப்பால். நீண்டுவிட்ட நெம்புகோல் அங்கும் வேலை செய்கிறது: பெடலை முன்போலவே அழுத்தினாலும் வண்டியை நிறுத்தும் விசை அதே பதினொரு பங்கு குறைவு. சுரங்கத்தைத் தாண்டி மறுபுறம் இறங்கும் லாரிக்கு இது சிறிய செய்தியன்று. பிரேக்கையும் வலுப்படுத்திய பிறகே பின்வண்டியைப் பூட்ட வேண்டும்.

இதே லாரிக்கு 33 அங்குல டயர் போட்டால் எத்தனை பல் பினியன் பொருந்தும்? தாளும் பென்சிலும் எடுத்துக் கணக்கிட்டுப் பாருங்கள்.