சட்ட ஆய்விதழுக்குக் கட்டுரைப் படியை ஆயத்தம் செய்தல்

முன்னுரை

பட்டாபிராம் வழியே திருவள்ளூர், அரக்கோணம் நோக்கிச் செல்லும் மின்தொடர்வண்டிகளில் இன்று சட்ட மாணாக்கரைக் காண்பது அரிதன்று. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் நெடுங்காலம் நடைபெற்ற டாக்டர் அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரி, 2018-ஆம் ஆண்டில் இரண்டாகப் பிரிந்து, புதுப்பாக்கத்திற்கும் திருவள்ளூரை அடுத்த பட்டரைப்பெரும்புதூருக்கும் இடம் பெயர்ந்தது. அங்குப் பயில்வோருள் நம் சபைப் பிள்ளைகளும் உளர். அத்தகைய மாணவி ஒருத்தி, சமய உரிமை பற்றித் தான் எழுதிய கட்டுரையைச் சட்ட ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்புமுன் என்னிடம் காட்டினாள். அதில் கூறப்பட்ட ஸ்டெய்னிஸ்லாஸ் வழக்கைப் பற்றி நான் ஆர்வத்துடன் விளக்கத் தொடங்கினேன். சற்று நேரம் பொறுமையாகக் கேட்டிருந்தவள், “ஐயா, அந்தத் தீர்ப்பைத் தாங்கள் வாசித்ததுண்டா?” என்று வினவினாள். பல ஆண்டுகள் அவ்வழக்கைக் குறித்துக் கூட்டங்களில் பேசிவந்த நான், தீர்ப்பை ஒரு முறையேனும் முழுமையாக வாசித்ததில்லை என்பதை ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

இவ்வினாவின் பயனாய் எழுந்ததே இக்கட்டுரை. நம்மில் சிலர் திருச்சபைச் சொத்து, சமய உரிமை, திருமணச் சட்டம் முதலியவற்றைக் குறித்துச் சட்ட ஆய்விதழ்களுக்கு எழுத விழைகின்றனர். அவர்களுக்கு அத்துறையின் எழுத்து முறை புதிது. அம்முறையையும் அதன் காரணத்தையும் சுருக்கமாக விளக்குவதே இங்கு நம் நோக்கம்.

1. தவறான ஒரு வரியின் விளைவு

அடிக்குறிப்பு என்பது கற்றோரின் அலங்காரம் எனக் கருதுவோர்க்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்லுதல் தகும். தமிழ்நாட்டில் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 2002-ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. 2004-இல் அவசரச் சட்டத்தின் மூலம் அது நீக்கப்பட்டது. எனினும், அதன்பின் வெளிவந்த கட்டுரை ஒன்று அச்சட்டம் நடைமுறையில் இருப்பதாகவே எழுதியிருந்தது. நான் அறிந்த சிற்றூர்ச் சபை ஒன்றின் மூப்பர்கள் அதை வாசித்து அஞ்சி, தாமாகவே விரும்பி வந்த இரு குடும்பத்தாரின் திருமுழுக்கை ஏறத்தாழ ஈராண்டுக் காலம் தள்ளிவைத்தனர். கட்டுரையாளர் தீய எண்ணத்துடன் எழுதினார் அல்லர். பழைய நூலொன்றைப் பார்த்து எழுதினார். சட்டம் இன்றும் உயிரோடுள்ளதா என்று சரிபார்க்கவில்லை. அவ்வளவே. அவ்வீராண்டுக் காலத்தில் அக்குடும்பங்களுள் ஒன்றின் முதியவர் இறந்துபோனார்.

எனவே, சட்ட எழுத்தில் துல்லியம் என்பது நாகரிகமன்று, பிறர்மீதுள்ள பொறுப்பு.

2. சட்டக் கட்டுரையின் இயல்பு

திருமறைப் பகுதியைச் சுட்டும்போது நூலின் பெயர், அதிகாரம், வசனம் ஆகிய மூன்றையும் கூறுகிறோம். எந்தப் பதிப்பை வைத்திருப்பவரும் அப்பகுதியை உடனே கண்டெடுக்கலாம். நீதிமன்றத் தீர்ப்புகளுக்கு நெடுங்காலம் இத்தகைய பொது எண் இருந்ததில்லை. ஒரே தீர்ப்பு, அரசின் அதிகாரத் தொகுப்பாகிய சுப்ரீம் கோர்ட் ரிப்போர்ட்ஸிலும், ஆல் இந்தியா ரிப்போர்ட்டர், சுப்ரீம் கோர்ட் கேசஸ் முதலிய தனியார் தொகுப்புகளிலும் வெவ்வேறு பக்கங்களில் அச்சாகும். சென்னையில் 1891-ஆம் ஆண்டு முதல் வெளிவரும் மெட்ராஸ் லா ஜர்னலும் தீர்ப்புகளை வெளியிட்டு வந்துள்ளது. ஆகவே எந்தத் தொகுப்பு, எந்த ஆண்டு, எத்தனையாவது மடலம், எந்தப் பக்கம் என அனைத்தையும் கூறினாலன்றி வாசகர் தீர்ப்பைக் கண்டெடுக்க இயலாது. சட்ட இதழ்களின் அடிக்குறிப்புகள் நீண்டு காணப்படுவதற்கு இதுவே காரணம்.

2023-இல் இந்திய உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்புகளுக்குப் பொதுச்சுட்டு எண் வழங்கும் முறையைக் கொணர்ந்தது. ஆண்டு, நீதிமன்றத்தின் குறியெழுத்து, வரிசை எண் ஆகியவை அடங்கிய அவ்வெண், எந்தத் தொகுப்பையும் சாராதது. அதிகார வசன எண்ணைப் போன்று பயன்படுவது. எனினும் பழைய தொகுப்புச் சுட்டையும் உடன் தருமாறு பெரும்பாலான இதழ்கள் எதிர்பார்க்கின்றன.

3. இதழைத் தெரிந்தெடுத்தல்

எழுதி முடித்தபின் இதழைத் தேடுவது பலரின் வழக்கம். இதழைத் தெரிந்தெடுத்தபின் எழுதுவதே நன்று. ஏனெனில் ஒவ்வோர் இதழும் ஒரு சுட்டு முறையைக் கட்டாயமாக்குகிறது. அமெரிக்கச் சட்டப் பள்ளிகளில் தோன்றி 1926-இல் முதன்முதல் வெளிவந்த புளூபுக் ஒரு முறை. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவான ஆஸ்கோலா மற்றொன்று. முன்னது சுருக்கெழுத்துகளுக்குப் பின் புள்ளியிடும். பின்னது புள்ளிகளை நீக்கிவிடும். இந்தியச் சட்டக் கழகம் தன் இதழுக்கெனத் தனி முறையொன்றை வைத்துள்ளது. அதில் கட்டுரையாசிரியர் பெயர், மேற்கோள் குறிக்குள் தலைப்பு, மடல எண், இதழின் பெயர், பக்கம், இறுதியில் பிறை அடைப்புக்குள் ஆண்டு என்னும் வரிசை அமையும். இவற்றுள் எது சிறந்தது என்று வாதிடுவதால் பயனில்லை. எவ்விதழுக்கு எழுதுகிறோமோ அதன் முறையை முதலடியிலிருந்து இறுதியடிவரை ஒரே சீராகப் பின்பற்றுதல் வேண்டும்.

நம் இறையியல் கட்டுரைகளில், வாக்கியத்தின் நடுவே ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குள் இட்டு, கடைசியில் நூற்பட்டியல் தரும் முறை பரவியுள்ளது. சட்ட இதழ்கள் பெரும்பாலும் இதனை ஏற்பதில்லை. பக்கத்தின் அடியிலேயே முழுக் குறிப்பையும் வேண்டுகின்றன.

4. தீர்ப்பைச் சுட்டும் முறை: ஓர் எடுத்துக்காட்டு

நாம் அனைவரும் அறிந்த ஸ்டெய்னிஸ்லாஸ் வழக்கையே எடுத்துக்கொள்வோம். இது உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட ஆயத்தால் 1977-இல் தீர்க்கப்பட்டது. இதன் சுட்டு பின்வருமாறு அமையும்:

ஸ்டெய்னிஸ்லாஸ் எதிர் மத்தியப் பிரதேச மாநிலம், ஏ.ஐ.ஆர். 1977 எஸ்.சி. 908, (1977) 1 எஸ்.சி.சி. 677.

முதற் சுட்டில் தொகுப்பின் பெயர், ஆண்டு, நீதிமன்றம், பக்கம் என்னும் வரிசை உள்ளது. இரண்டாவதில் ஆண்டு பிறை அடைப்புக்குள் முதலில் வர, மடல எண், தொகுப்பின் பெயர், பக்கம் ஆகியவை தொடர்கின்றன. இவ்வரிசையை மாற்றுதல் கூடாது.

இவ்வழக்கில் கவனிக்கத்தக்கவை நான்கு.

(அ) பெயர். தொகுப்புகளில் மனுதாரரின் பெயர் ஆங்கிலத்தில் வழக்கத்திற்கு மாறான எழுத்துகளுடன் அச்சாகியுள்ளது. அதைப் பிழையென எண்ணித் திருத்தி எழுதுவோர் பலர். தொகுப்பில் உள்ளவாறே எழுதுதல் வேண்டும். இல்லையேல் தேடுவோர்க்கு வழக்கு அகப்படாது.

(ஆ) வழக்கின் வரலாறு. மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் அம்மாநிலச் சட்டம் செல்லும் என்றது. ஒரிசா உயர் நீதிமன்றமோ, யூலிதா ஹைடு வழக்கில், தன் மாநிலத்தின் 1967-ஆம் ஆண்டுச் சட்டம் செல்லாது என்றது. மேல்முறையீடுகளை ஒன்றாக விசாரித்த உச்ச நீதிமன்றம் இரு சட்டங்களும் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. ஆகவே யூலிதா ஹைடு தீர்ப்பு நமக்கு உவப்பாக இருக்கின்றது என்பதற்காக, அது மாற்றப்பட்டதைக் கூறாது எடுத்தாளுவது வாசகரை வஞ்சிப்பதாகும்.

(இ) தீர்ப்பின் கருத்து. அரசியல் சட்டத்தின் 25-ஆம் உறுப்பு தரும் உரிமை, தன் சமயக் கோட்பாடுகளை விளக்கிப் பரப்பும் உரிமையே. பிறரை மதம் மாற்றும் உரிமை அதனுள் அடங்காது என்று நீதிமன்றம் கூறியது. இக்கருத்தை நாம் ஏற்கலாம், மறுக்கலாம். அறிஞர் பலர் மறுத்து எழுதியுமுள்ளனர். ஆயினும் மறுக்குமுன் அதை உள்ளவாறு உரைத்தல் கடமை.

(ஈ) தலைக்குறிப்பு. தொகுப்புகளில் தீர்ப்பின் முகப்பில் அச்சிடப்பெறும் சுருக்கம் தொகுப்பாசிரியருடையது. நீதிபதியின் சொல் அன்று. அதை நீதிமன்றத்தின் கூற்றாக மேற்கோள் காட்டுதல் பெரும் பிழை. நான் வீழ்ந்த குழியும் இதுவே. மேற்கோள் தரும்போது பத்தி எண்ணைத் தர வேண்டும். பத்தி எண்கள் தொகுப்புக்குத் தொகுப்பு வேறுபடக் கூடுமாதலால், எந்தத் தொகுப்பின் பத்தி என்பதும் விளங்க வேண்டும்.

தீர்ப்புகளைக் காண நூலகம் செல்ல இயலாதவர்க்கு இன்று தடையில்லை. உச்ச நீதிமன்றத்தின் அதிகாரத் தொகுப்பு 2023 முதல் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது.

5. சட்டங்களைச் சுட்டும் முறை

சட்டத்தின் பெயர், ஆண்டு, பிரிவு எண் ஆகியன தேவை. அதனினும் தேவையானது, அச்சட்டம் இன்று எந்நிலையில் உள்ளது என்னும் குறிப்பு. 1869-ஆம் ஆண்டின் மணமுறிவுச் சட்டத்தைப் பற்றி எழுதுவோர் 2001-ஆம் ஆண்டின் திருத்தத்தை அறியாது எழுதினால், கணவனுக்கும் மனைவிக்கும் வெவ்வேறு காரணங்களை விதித்த பழைய விதியையே இன்றைய விதியாகக் கூறிவிடுவர். மணமுறிவை நாடும் சபைப் பெண் ஒருத்தி அதை நம்பினால் அவள் நிலை என்னாகும்?

மற்றோர் எடுத்துக்காட்டு: சமய உணர்வைப் புண்படுத்தும் குற்றத்தைக் கூறிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 295-அ பிரிவு யாவரும் அறிந்தது. 2024 ஜூலை 1 முதல் அச்சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. அதில் இக்குற்றம் 299-ஆம் பிரிவில் உள்ளது. பழைய தீர்ப்புகள் பழைய எண்ணையே கூறுமாதலால், கட்டுரையில் முதன்முறை குறிப்பிடும்போது இரண்டையும் தருதல் நலம்.

6. படியின் புற அமைப்பு

இதழுக்கு இதழ் சிறு வேறுபாடுகள் இருப்பினும் பொதுவாக வேண்டப்படுவன இவை: முழுவதும் ஒரே எழுத்துரு, போதிய வரி இடைவெளி, நான்கு பக்கமும் சமமான விளிம்பு, தொடர்ந்த பக்க எண், தானே வரிசைப்படும் அடிக்குறிப்புகள். அடிக்குறிப்பு எண்களைக் கையால் தட்டச்சு செய்தால், இடையில் ஒன்றைச் சேர்த்தவுடன் அனைத்தும் நிலைகுலையும். ஆகவே கணினியின் அடிக்குறிப்பு வசதியையே பயன்படுத்துக. தமிழில் எழுதுவோர் பழைய எழுத்துருக்களை விடுத்து யூனிகோடு எழுத்தில் அனுப்புவது இன்றியமையாதது. இல்லையேல் இதழாசிரியரின் கணினியில் உம் கட்டுரை வெறும் குறிகளாய்த் தோன்றும்.

கட்டுரையின் முன்னே 150 முதல் 250 சொற்களில் ஒரு சுருக்கம் தருதல் வழக்கம். சுருக்கம் என்பது முன்னுரையன்று. எடுத்துக்கொண்ட வினா யாது, கண்ட விடை யாது, அவ்விடைக்கு ஆதாரம் யாது என்னும் மூன்றையும் அது கூற வேண்டும். பிரசங்கத்தைப் போல முடிவை இறுதிவரை மறைத்துவைப்பது இங்கு ஏற்புடையதன்று.

ஆய்விதழ்கள் பலவும் கட்டுரையைப் பெயர் நீக்கி அறிஞரிடம் மதிப்பீட்டுக்கு அனுப்புகின்றன. ஆகவே ஆசிரியரின் பெயர், பதவி, நன்றியுரை ஆகியவை தனித்தாளில் இருத்தல் வேண்டும். “யான் முன்னொரு கட்டுரையில் கூறியபடி” என்பன போன்ற தொடர்களும், கோப்பின் பண்புகளில் மறைந்திருக்கும் பெயரும் ஆசிரியரைக் காட்டிக்கொடுக்கும்; அவற்றையும் நீக்குக.

7. நேர்மையின் எல்லைகள்

ஒரே கட்டுரையை ஒரே காலத்தில் இரு இதழ்களுக்கு அனுப்புதலைப் பல இதழ்கள் அனுமதிப்பதில்லை. பிறர் எழுத்தைத் தமதாகக் காட்டுவோர்க்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் தண்டனைகளை வகுத்துள்ளன. ஆங்கிலத் தீர்ப்பைத் தமிழில் தரும்போது, மொழிபெயர்ப்பு யாருடையது என்பதைக் குறித்தலும் நேர்மையைச் சார்ந்ததே.

புதியதோர் இடர் இப்போது தோன்றியுள்ளது. 2023-ஆம் ஆண்டில் நியூயார்க் நகர வழக்கறிஞர் இருவர், செயற்கை நுண்ணறிவுக் கருவி தந்த வழக்குகளைச் சரிபாராமல் நீதிமன்றத்தில் எடுத்துரைத்தனர். அவ்வழக்குகள் உலகில் எங்கும் நடைபெறாதவை. நீதிமன்றம் ஐயாயிரம் டாலர் தண்டம் விதித்தது. கருவியைப் பயன்படுத்தியது அவர்தம் குற்றமன்று. கண்ணால் காணாததைக் கண்டதுபோல் கூறியதே குற்றம். அவ்வகையில் நோக்கின், வாசியாத தீர்ப்பைப் பற்றிப் பல்லாண்டு பேசிய எனக்கும் அவர்களுக்கும் அதிக வேறுபாடில்லை.

முடிவுரை

லூக்கா தம் நூலின் தொடக்கத்தில், யாவற்றையும் ஆதிமுதல் விசாரித்து வரிசைப்பட எழுதுவதாக உரைக்கின்றார். விசாரித்தலும் வரிசைப்படுத்தலும் ஆகிய இவ்விரண்டே நாம் மேலே கண்ட விதிகள் அனைத்தின் சாரம். கட்டுரையை அனுப்புமுன் ஒரு நாளை ஒதுக்கி, ஒவ்வோர் அடிக்குறிப்பையும் மூலத்துடன் ஒப்பிட்டுப் பார்ப்போமாக. மூலத்தைக் காண இயலாதபோது எந்த நூலின் வழியாக அறிந்தோம் என்பதை வெளிப்படையாகக் கூறுவோமாக.

அம்மாணவியின் கட்டுரையை அதன்பின் இருவரும் சேர்ந்தே சரிபார்த்தோம். ஐம்பத்து மூன்று அடிக்குறிப்புகளுள் நான்கில் பக்க எண் பிழையாயிருந்தது; ஒன்றில் ஆண்டு தவறியிருந்தது. ஸ்டெய்னிஸ்லாஸ் தீர்ப்பையும் அன்று மாலை முழுமையாக வாசித்தேன். ஒரே அமர்வில் வாசித்து முடிக்கத்தக்க சிறிய தீர்ப்பு அது.