எல்லா அலகும் ஒரே திசையில்

மார்கழி மாதம். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று செய்தியில் சொல்லிவிட்டார்கள். இரவெல்லாம் மழை. விடிந்தும் வெளிச்சம் வரவில்லை. இப்படி ஒரு நாளில் கடற்கரைக்குப் போய்ப் பறவை பார்க்கலாம் என்றால், "வெயில் வரட்டும், அப்புறம் போகலாம்" என்றுதான் வீட்டில் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். வெயில் நாளில் பறவையின் நிறம் நன்றாகத் தெரியும். காற்றும் மழையுமான நாளில் அதன் உடல் எப்படி வேலை செய்கிறது என்பது தெரியும்.

முதலில் ஒரு கண்டிப்பான பேச்சு. துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்தால் கடற்கரைப் பக்கமே போகக்கூடாது. நான் சொல்வது புயல் நாளை அல்ல, வாடைக்காற்றும் தூறலும் விட்டுவிட்டு அடிக்கும் நாளை. அன்றைக்கும் பெரியவர்கள் துணையோடுதான் போக வேண்டும்.

எங்கே போகலாம்? தமிழ்நாட்டு வரைபடத்தை எடுத்து, சென்னையில் விரலை வைத்துக் கரையோரமாகத் தெற்கே இழுத்துக்கொண்டே வாருங்கள். நாகப்பட்டினம் தாண்டி, வேதாரண்யம் தாண்டியதும் கரை சட்டென்று மேற்கே மடங்கும். அந்த மூலைதான் கோடியக்கரை. 1967இல் சரணாலயம் ஆன இடம். 2002இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. குளிர்காலத்தில் சைபீரியாவிலிருந்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் பறவைகள் இங்கே வந்து இறங்குகின்றன.

கரை மடங்குவதைச் சும்மா சொல்லவில்லை. வாடை வடகிழக்கிலிருந்து வீசுகிறது. கிழக்குக் கரையில் அது நேராக மோதும். அலை சீறும், மணல் முகத்தில் அடிக்கும். மூலையைச் சுற்றித் தெற்குப் பக்கம் வந்தால், அதே காற்று நிலத்தின் மேலாக வந்து கடலை நோக்கிப் போகும். அலை தணிந்திருக்கும். மீன்பிடிக் காலத்தில் வெளியூர் மீனவர்களும் குடும்பத்தோடு வந்து தங்கிப் படகு விடும் கரை இது. காற்று மறைவைப் பறவைகளும் தேடும். கடற்காகங்களும் ஆலாக்களும் மணலில் கூட்டமாக உட்கார்ந்திருக்கும்.

அந்தக் கூட்டத்தை உற்றுப் பாருங்கள். எத்தனை பறவை என்று எண்ண வேண்டாம். அலகு எந்தப் பக்கம் பார்க்கிறது? ஒன்று விடாமல் எல்லா அலகும் ஒரே பக்கம், காற்று வரும் பக்கம் பார்க்கும்.

குளிர்காற்றுக்கு நாம் முதுகைத் திருப்புகிறோம். பறவை ஏன் முகத்தைக் காட்டுகிறது? ஓட்டு வீட்டுக் கூரையை நினைத்துக்கொள்ளுங்கள். மேல் ஓட்டின் விளிம்பு கீழ் ஓட்டின்மேல் படிந்திருப்பதால் மழைநீர் உள்ளே இறங்காமல் வழிந்து ஓடுகிறது. பறவையின் இறகுகளும் தலையிலிருந்து வால் நோக்கி அப்படித்தான் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கின்றன. முன்னால் வரும் காற்று அவற்றை இன்னும் அழுத்தி மூடும். பின்னால் வரும் காற்று ஒவ்வொரு இறகையும் தூக்கிவிட்டு உள்ளே புகுந்துவிடும். இறகுகளுக்கு அடியில் பறவை பிடித்து வைத்திருக்கும் சூடான காற்று ஒரே வீச்சில் போய்விடும்.

இன்னொரு காரணமும் உண்டு. பறவை பறக்கத் தேவை, சிறகின்மேல் வேகமாக ஓடும் காற்று. எதிர்க்காற்றில் நிற்கும் பறவைக்கு அந்த வேகத்தில் ஒரு பங்கு நின்ற இடத்திலேயே கிடைத்துவிடுகிறது. நரியோ பருந்தோ வந்தால் சிறகை விரித்த மாத்திரத்தில் எழும்பிவிடலாம். விமானங்களும் எதிர்க்காற்றில்தான் கிளம்புகின்றன. இனி எந்தப் புத்தகத்திலாவது கடற்காகக் கூட்டத்தின் படம் பார்த்தால், அன்றைக்குக் காற்று எங்கிருந்து வீசியது என்று நீங்களே சொல்லிவிடலாம்.

சரி, இப்போது மணலில் உட்காருங்கள். நின்றபோது அடித்த காற்று குறைந்தாற்போல் இருக்கிறதா? உண்மையாகவே குறைந்திருக்கிறது. மண்ணும் புல்லும் உரசித் தடுப்பதால் தரையை ஒட்டிய காற்று மெதுவாகத்தான் போக முடியும். கொசு உள்ளானுக்கு இது நன்றாகத் தெரியும். உள்ளான்களிலேயே மிகச் சிறியவற்றில் ஒன்று, எடை 20 முதல் 30 கிராம். உப்பள வரப்பின் மறைவிலோ ஒரு மண்கட்டிக்குப் பின்னாலோ வயிறு தரையில் படியப் பதுங்கிக்கொள்ளும். வேகமான காற்று அதன் தலைக்கு மேலே போய்க்கொண்டிருக்கும். எதிர்க்காற்றில் போகவேண்டிய ஆலாக்களும் அலையை ஒட்டித் தாழப் பறப்பது இதனால்தான்.

சில பறவைகள் ஒற்றைக் காலில் நிற்கும். காலில் இறகு இல்லை. உடலின் சூடு கசிவதற்கு அது ஒரு வழி. ஒரு காலை வயிற்று இறகுக்குள் இழுத்துக்கொண்டால் கசிவு ஏறக்குறைய பாதியாகக் குறையும். சரி, தண்ணீரில் நிற்கும் அந்த ஒற்றைக் கால்? அங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இருக்கிறது. காலுக்குள் தமனியும் சிரையும் ஒன்றையொன்று ஒட்டி ஓடுகின்றன. தமனியில் சூடான ரத்தம் கீழே இறங்குகிறது. சிரையில் குளிர்ந்த ரத்தம் மேலே ஏறுகிறது. இறங்கும் ரத்தத்தின் சூட்டை ஏறும் ரத்தம் வழியிலேயே வாங்கிக்கொள்கிறது. பாதத்துக்குப் போய்ச் சேரும் ரத்தம் குளிர்ந்தது. அதனால் தண்ணீருக்குப் போகும் சூடும் கொஞ்சம்தான். உடலுக்குத் திரும்பும் ரத்தம் சூடாகவே திரும்புகிறது. பனி உறையும் வடக்கில் முட்டையிடும் பறவைகளுக்கு நம் ஊர் மழைக்குளிர் பெரிதாகத் தோன்றாததற்கு இதுவும் ஒரு காரணம்.

நனையாமல் இருப்பது எப்படி? வால் தொடங்கும் இடத்தில் எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது, பறவை அந்த எண்ணெயை அலகால் எடுத்துத் தடவிக்கொள்கிறது என்று படித்திருப்பீர்கள். சரிதான். ஆனால் எண்ணெய் முக்கியமாக இறகு உடையாமல் நெகிழ்வாக இருக்க உதவுகிறது. நீரைத் தடுப்பதில் பெரும்பங்கு இறகின் அமைப்புக்கே உரியது. உதிர்ந்த இறகு ஒன்றை லென்ஸில் பாருங்கள். நடுத்தண்டிலிருந்து கிளைகள், கிளைகளிலிருந்து இன்னும் நுண்ணிய கிளைகள், அவற்றில் கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள். கொக்கிகள் பிணைந்திருக்கும்வரை இடைவெளிகளில் காற்று நிற்கும். நீர்த்துளி உருண்டு ஓடிவிடும். மழை விட்டதும் பறவைகள் இறகைக் கோதத் தொடங்குவது அழகுக்காக அல்ல, பிரிந்த கொக்கிகளை மாட்டுவதற்காக.

இனிச் சாப்பாடு. இருண்ட நாளில் இரை தேடும் முறையைக் கவனித்தால் இரண்டு கூட்டம் தெரியும். உப்புக்கொத்தி பெரிய கண்ணுக்காரன். குடுகுடுவென்று ஓடும், நிற்கும், பார்க்கும், கொத்தும். வெளிச்சம் குறைந்தால் அதற்குக் கொஞ்சம் சிரமம். உள்ளானும் மூக்கனும் வேறு வகை. நீண்ட அலகைச் சேற்றில் விட்டு விட்டு எடுக்கும். அலகின் நுனியில் தொடு உணர்வுக் குழிகள் நிறைந்திருக்கின்றன. 1998இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள், உள்ளான் இனப் பறவை ஒன்றுக்குப் பயிற்சி கொடுத்து, மணலில் கற்களைப் புதைத்து வைத்தார்கள். கல்லுக்கு வாசனையும் அசைவும் இல்லை. ஆனாலும் ஈர மணலில் அது கண்டுபிடித்தது. உலர்ந்த மணலில் முடியவில்லை. அலகு குத்தும்போது மணல் துகள்களுக்கு இடையே இருக்கும் நீர் அழுத்தப்படுகிறது. கடினமான பொருள் குறுக்கே இருந்தால் அந்த அழுத்தம் மாறுகிறது. அந்த மாற்றத்தை அலகு உணர்கிறது. சேற்றுக்குள் கிடக்கும் சிப்பியைத் தொடாமலே தெரிந்துகொள்ள முடிகிறது! சேறு கலங்கட்டும், வானம் இருளட்டும், அதற்குக் கவலை இல்லை.

அதன் கவலை நீர்மட்டம். கோடியக்கரைக்கு அருகே அகஸ்தியம்பள்ளிப் பக்கம் உப்பளப் பாத்திகள் மழைக்காலத்தில் நீர் நிரம்பிக் கிடக்கும். நீர் ஏற ஏற, குட்டைக்காலிகள்தான் முதலில் இடத்தைக் காலி செய்ய வேண்டும். கொசு உள்ளான் கரையோரச் சேற்றுக்கு ஒதுங்கும். நெடுங்கால் உள்ளான் இன்னும் சிறிது நேரம் நிற்கும். பூநாரை கடைசிவரை நிற்கும். எந்தப் பாத்தியில் எது நிற்கிறது என்று பார்த்தே அங்கே எவ்வளவு ஆழம் என்று ஊகிக்கலாம்.

மழை வரப்போவது பறவைக்கு முன்கூட்டித் தெரியுமா? கனடாவில் சிட்டுகளை ஓர் அறையில் வைத்து, உள்ளே காற்றழுத்தத்தை மட்டும் மெல்லக் குறைத்துப் பார்த்தார்கள். காலையில் விளக்கு எரிந்ததும் அவை வழக்கத்தைவிட விரைவாக இரைக்குப் போயின. அழுத்தம் இறங்கினால் மழையும் காற்றும் வரும். அதற்குமுன் வயிற்றை நிரப்பிக்கொள்வது நல்லது. நாம் கருவி வைத்துப் பார்த்துச் செய்தியில் சொல்வதைச் சிட்டின் உடலே உணர்ந்துவிடுகிறது.

ஆழ்கடல் பறவைகளின் கதை வேறு. பதுங்குவதற்கு அங்கே வரப்பும் இல்லை, மண்கட்டியும் இல்லை. ஜப்பானின் அவாஷிமா தீவில் வாழும் நீண்ட சிறகுப் பறவைகளின் உடலில் சிறிய கருவிகளைப் பொருத்தி ஆண்டுக்கணக்கில் கண்காணித்தார்கள். 2022இல் வெளியான முடிவு வியப்பானது. புயலுக்கும் நிலத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட பறவைகளில் சில, புயலின் கண்ணை நோக்கியே பறந்தன. புயலைவிட நிலத்துக்குத்தான் அவை அதிகம் அஞ்சின என்று தோன்றுகிறது. புயல்காற்றின் வேகத்தில் கரையில் தூக்கி எறியப்பட்டால் அடிபடும். தப்பினாலும், நடப்பதற்கு வசதியில்லாத கால்களோடு எதிரிகளிடம் மாட்டிக்கொள்ளும்.

எல்லாப் புயலையும் உடல் அமைப்பால் வென்றுவிட முடியாது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தபோது, கோடியக்கரைக் காட்டில் மரங்கள் ஏராளமாகச் சாய்ந்தன. வெளிமான்களும் பறவைகளும் பல இறந்துபோயின. அப்போது வெளியான படங்களை இன்றும் என்னால் நிதானமாகப் பார்க்க முடியவில்லை.

காற்று ஓய்ந்த மறுநாள் கரையில் களைத்துப்போன பறவை ஒன்றை நீங்கள் பார்க்க நேரலாம். கடல் பறவைதானே என்று தூக்கித் தண்ணீரில் விட்டுவிடாதீர்கள், அது மூழ்கிப்போகும். வாயில் தண்ணீரும் ஊற்றக்கூடாது. நாயும் காகமும் நெருங்காமல் தள்ளி நின்று பார்த்துக்கொண்டு, பெரியவர்களிடம் சொல்லி வனத்துறைக்குத் தகவல் கொடுங்கள். இறந்து கிடந்தால் தொடாமல், காலில் உலோக வளையம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல பத்தாண்டுகளாகக் கோடியக்கரையில் பறவைகளுக்கு வளையம் மாட்டி வருகிறார்கள். வளையத்தில் எழுத்தும் எண்ணும் இருக்கும். படம் எடுத்து, தேதியும் இடமும் குறித்து வனத்துறையிடம் கொடுத்தால், அந்தப் பறவைக்கு எங்கே, எந்த ஆண்டில் வளையம் மாட்டினார்கள் என்று தேடிக் கண்டுபிடித்துவிடலாம்.