முடிந்ததும் நிகழ்ந்துவந்ததும்

முன்பு தொடங்கிய செயலை நிகழ்காலத்தோடு பிணைத்துச் சொல்ல ஆங்கிலத்தில் இரண்டு வாய்பாடுகள் உள்ளன. ‘ஹேவ்’ அல்லது ‘ஹாஸ்’ என்னும் துணைவினையோடு வினையின் மூன்றாம் வடிவம் சேர்ந்தால் அது பிரசன்ட் பெர்ஃபெக்ட். அத்துணைவினையை அடுத்து ‘பீன்’ என்பதும் ‘இங்’ ஈறு பெற்ற வினையும் வந்தால் அது பிரசன்ட் பெர்ஃபெக்ட் கன்டினியூவஸ். வாய்பாட்டை மனப்பாடம் செய்வது எளிது. எதை எங்கே ஆள்வது என்பதில்தான் படித்தவர்களும் தடுமாறுகின்றனர்.

‘ஷி ஹாஸ் ரிட்டன் தி லெட்டர்’ என்றால் கடிதம் எழுதி முடிந்தது, பேச்சு அதன் விளைவைப் பற்றியது. ‘ஷி ஹாஸ் பீன் ரைட்டிங் தி லெட்டர்’ என்றால் எழுதும் செயலும் அதில் கழிந்த நேரமுமே முன்னிற்கின்றன, கடிதம் முடிந்ததா என்பதை வாக்கியம் சொல்வதில்லை. ஆகவே மூன்று கடிதங்கள் என்று எண்ணிக்கை கூறும்போது முன்னதும், இரண்டு மணி நேரமாக என்று கால அளவு கூறும்போது பெரும்பாலும் பின்னதும் பொருந்துகின்றன. அறிதல், நம்புதல், உடைமை போன்ற நிலையைக் குறிக்கும் வினைகள் மட்டும் விதிவிலக்கு. பத்தாண்டுப் பழக்கமானாலும் ‘ஐ ஹேவ் நோன் ஹிம் ஃபார் டென் இயர்ஸ்’ என்பதே சரி.

கன்டினியூவஸ் என்ற பெயரே கற்பவரை ஏமாற்றுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். காலையில் கதவைத் திறந்து ஈரத் தரையைக் காணும் தமிழர் ‘மழை பெய்திருக்கிறது’ என்பார்; அதே இடத்தில் ஆங்கிலேயர் ‘இட் ஹாஸ் பீன் ரெய்னிங்’ என்பார். மழை நின்றுவிட்டது, ஆயினும் சற்றுமுன் வரை நிகழ்ந்த செயலின் தடயம் கண்முன் கிடப்பதால் அவ்வடிவம் வருகிறது. செயல் இன்னும் தொடர்ந்தே தீரவேண்டும் என்பதில்லை. தமிழின் ‘இரு’ என்னும் துணைவினையை எப்போதும் பிரசன்ட் பெர்ஃபெக்ட்டுக்கு நிகராகக் கொள்பவர்கள் இங்கே வழுக்கிவிடுகின்றனர்.

இன்னொரு பிழையும் தாய்மொழியின் வழியாகவே வருகிறது. ‘2015 முதல் இங்கே வேலை செய்கிறேன்’ என்று நிகழ்காலத்திலேயே சொல்லத் தமிழ் இடம் தருவதால், ‘ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2015’ என்ற வாக்கியம் இயல்பாக நாவில் எழுகிறது. ஆனால் ஆங்கிலம் அதை ஏற்பதில்லை. ‘ஐ ஹேவ் பீன் வொர்க்கிங்’ என்றோ ‘ஐ ஹேவ் வொர்க்ட்’ என்றோதான் தொடங்கவேண்டும். வேலை செய்தல், வசித்தல் போன்ற வினைகளில் இவ்விரண்டுக்கும் பொருள் வேறுபாடு மிகக் குறைவு. நேர்முகத் தேர்வுக்குச் செல்லும் இளைஞர்கள் வேறெதைத் திருத்தாவிட்டாலும் இந்த ஒரு வாக்கியத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும்.